ஒண்ணுக்கு எரிஞ்சா எல்லாமே சூடு இல்லீங்க

எங்கூர்ப் பக்கம் ஒண்ணுக்குப் போறப்ப எரிஞ்சுதுன்னா வாயில மொதல்ல வர்றது "சூடு புடிச்சிருச்சு"ங்கறதுதான். அம்மாகிட்ட சொன்னா ஒரு எளநி வெட்டிக் குடிங்கும்பாங்க, அம்மச்சிகிட்ட சொன்னா கால் பெருவெரல் நகத்துல சுண்ணாம்பத் தடவிட்டுப் படு கண்ணுன்னு சொல்லுவாங்க, பக்கத்து வீட்டக்கா வெந்தயத்த மோர்ல ஊற வெச்சுக் குடிச்சாச் சரியாப் போயிருமும்பாங்க, மெடிக்கல்ல போயி மெதுவாச் சொன்னா ரோஸ் கலர்ல ஒரு சிரப்ப எடுத்து வெப்பாங்க. இது எல்லாத்துலயும் கொஞ்சம் உண்ம இருக்குது. ஆனா வேசகாலத்துல தண்ணி பத்தாம வர்ற எரிச்சலும், கிருமி உள்ள போயி உக்காந்துக்கிட்டதால வர்ற எரிச்சலும் ஒண்ணு இல்லீங்க. ரண்டுக்கும் நம்ம ஒரே பேர வெச்சுட்டம். அதனாலதான் நெறையப் பேரு கிருமியையும் சூடுன்னே நெனச்சு ஒரு வாரம் பத்து நாள் ஓட்டி, கடைசில குளிர் சொரத்தோட ஆஸ்பத்திரிக்குப் போறாங்க.

நான் திருப்பூர்ல ஒரு லேப்ல கல்ச்சர், அதாவது கிருமியத் தட்டுல வளத்துப் பாக்கற செக்சன்ல 11 வருசமா வேல பாக்கறேன். டாக்டர் இல்ல, அதனால எந்த மாத்திரையப் போடுங்கன்னு சொல்ற உரிம எனக்கில்ல. ஆனா தெனமும் காலைல இன்குபேட்டர்ங்கற கிருமி வளக்கற சூட்டுப் பெட்டியத் தொறந்தா அந்தக் கிருமிங்க மொகத்துலதான் முழிக்கறேன், எது என்ன மருந்துக்குச் சாகுது எது சாகறதில்லன்னு கண்ணால பாக்கறேன். யூரின் இன்பெக்சன், யூடிஐன்னு எல்லாருஞ் சொல்றாங்களே, அது உள்ள எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டாப் பாதிப் பயமும் போயிரும், பாதி அலட்சியமும் போயிரும்.

மொதல்ல பாதையப் பாத்துருவம். முதுகுப் பக்கம் வெலாவுக்குக் கீழ ரண்டு பக்கமும் ரண்டு கிட்னி, அங்க ரத்தத்த வடிகட்டி வர்ற தண்ணி ஒல்லியா ரண்டு கொழாய்ல எறங்கி அடிவயித்துல இருக்கற மூத்திரப்பைல சேருது, அது ஒரு 400, 500 மில்லி புடிக்கற பை. அங்கிருந்து வெளிய போறதுக்கு ஒரு கொழாய். அந்தக் கடைசிக் கொழாய்லதான் விசயமே இருக்குது. ஆம்பளைங்களுக்கு அது சுமாரா 20 சென்டிமீட்டர் நீளம். பொம்பளைங்களுக்கு வெறும் 4 சென்டிமீட்டர்தான், நம்ம கட்டவெரல்ல முக்காவாசி நீளம்னு வெச்சுக்கங்க. அதோட அந்த வாசல், மலம் போற வாசலுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குது. இதுக்கும் ஒருத்தரு சுத்தமா இருக்கறதுக்கும் குணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க, ஒடம்பு அமைப்பே அப்படி. இந்த வியாதி பொம்பளைங்களுக்கு எச்சா வர்றதுக்கு மொதக் காரணம் இந்த 4 சென்டிமீட்டர்தான். இத எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டு "நான் சுத்தபத்தமாத்தான் இருப்பனுங்க, எனக்கு எப்படி"ன்னு கண்ணுல தண்ணி வெச்ச அம்மாக்களக் கவுன்ட்டர்ல நான் நெறையப் பாத்துருக்கறேன்.

கிருமி ஆருன்னா, நூத்துக்கு முக்காவாசிக்கு மேல ஈ கோலைன்னு ஒண்ணு. 1885ல தியோடர் எஷெரிக்னு ஒரு ஜெர்மன் கொழந்த டாக்டர் பச்சக் கொழந்தைங்களோட மலத்துல கண்டுபுடிச்சாரு, அவரு பேரத்தான் அதுக்கு வெச்சுருக்குது. எல்லாரோட கொடலுக்குள்ளயும் இது இருக்குது, அங்க இருக்கற வரைக்கும் பெருசாத் தொந்தரவு இல்ல. எடம் மாறி மூத்திரப் பாதைக்குள்ள ஏறுனாத்தான் வம்பு. சாதாரணமா அது உள்ள வந்தாலும் நம்ம ஒண்ணுக்குப் போறப்ப அடிச்சுட்டு வெளிய போயிரோணும், ஆனா இந்தக் கிருமிக்கு மேலெல்லாம் மயிரிழை மாதிரி மெல்லிசாக் கையிருக்குது, அத வெச்சு மூத்திரப்பைச் செவுத்தப் புடிச்சுக்கும். நல்ல தீனி கெடச்ச எடத்துல 20 நிமிசத்துக்கு ஒருக்கா ஒண்ணு ரண்டாகும். மூத்திரத்துக்குள்ள அதவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் பெருகும், இருந்தாலுங் கணக்குக்காக வெச்சுக்கங்க, 20 நிமிசத்துக்கு ஒருக்கான்னா 4 மணி நேரத்துல ஒரே ஒரு கிருமி 4,096 ஆயிருது. கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி ஓடறப்பப் பாருங்க, பாசி நிக்காது. தண்ணிய நிறுத்திட்டாங்கன்னா அங்கங்க பள்ளத்துல தேங்கி நாலு நாள்ல பச்சப் பசேல்னு ஆயிரும். மூத்திரப்பையும் அப்படித்தான், ஓட்டம்தான் அதுக்குக் காவல்.

அதனாலதான் அடக்கி வெக்கறத நெனச்சா எனக்கு ஆத்தாமையா வருது. ஒரு பொண்ணு, ஓவர்லாக் டைலரு, 26 வயசு இருக்கும், ஒரு வருசத்துல மூணு தடவ எங்க லேப்புக்கு வந்துச்சு. மூணாவது தடவ உக்கார வெச்சுக் கேட்டேன், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க கண்ணுன்னு. காலைல எட்டரைக்குள்ள போறப்ப ஒரு டீ, மத்தியானம் சோத்தோட ஒரு டம்ளரு, அவ்வளவுதான்க்கா, தண்ணி குடிச்சாப் பாத்ரூம் போகோணும், பாத்ரூம் பில்டிங்கோட அந்தக் கடைசில இருக்குது, எந்திரிச்சுப் போனா லைன் நின்னுரும், சூப்பர்வைசரு எல்லாரு முன்னாலயும் கேப்பாருன்னு சொல்லுச்சு. ஒன்றர ஷிப்ட் பாத்தா ராத்திரி எட்டரை ஆயிருமே, அது வரைக்குமான்னு கேட்டேன். தலைய மட்டும் ஆட்டுச்சு. அந்தப் பொண்ணு ஒடம்பு கெட்டதுக்குச் சூடு காரணம் இல்லீங்க. 1948ம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்துலயே 19ம் பிரிவுல எழுதியிருந்துச்சு, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தனித்தனியாக் கக்கூஸு, வேல நேரத்துல எப்ப வேணும்னாலும் போற மாதிரி பக்கத்துல, சுத்தமா இருக்கோணும்னு. பாத்ரூம் போறதுக்கு ஆருகிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல. இதே கததான் தறி குடோன்ல ராத்திரி ஷிப்ட் பாக்கறவங்களுக்கும், துணிக்கடைல நிக்கற புள்ளைங்களுக்கும், கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக்கொடத்துக்குப் போற கொழந்தைங்களுக்கும்.

இனி அறிகுறிக்கு வர்றேன், இங்கதான் ரண்டு விதமாப் பிரிச்சுப் பாக்கோணும். கிருமி மூத்திரப்பையோட நின்னுச்சுன்னா, ஒண்ணுக்குப் போறப்ப சுள்ளுன்னு எரியும், கடுக்கும், போயிட்டு வந்து உக்காந்த ஒடனே மறுபடியும் வர்ற மாதிரி இருக்கும், போனா நாலு சொட்டுதான் வரும், அவசரமா வரும், அடிவயிறு வலிக்கும், கலங்கலா இருக்கும், செல பேருக்கு ரத்தம் கலந்து செவப்பா வரும். இந்த அளவுல பெருசாச் சொரம் இருக்காது. அதே கிருமி ஒல்லிக் கொழாய்ல மேல ஏறிக் கிட்னிக்குப் போயிருச்சுன்னா, போர்வையப் போத்துனாலும் நிக்காத குளிர் நடுக்கத்தோட சொரம், முதுகுல ஒரு பக்கம் வெலாவுக்குக் கீழ வலி, வாந்தி. இது வந்துருச்சுன்னா அன்னிக்கே டாக்டரப் பாக்கோணும், நாளைக்குங்கற பேச்சே வேண்டாம்.

வெறும் தண்ணி பத்தாம வர்ற எரிச்சல் எப்படி இருக்கும்னா, பங்குனி சித்திர வெயில்ல வேர்த்து வேர்த்து ஒண்ணுக்கே கம்மியாப் போயிருக்கும், வர்றதும் நல்ல மஞ்சளா கெட்டியா இருக்கும், லேசா எரியும். நல்லாத் தண்ணி, மோர், எளநின்னு குடிச்சா அன்னிக்கோ மறுநாளோ வெளுத்து எரிச்சலும் நின்னுரும். நின்னுச்சுன்னா சரி. ரண்டாவது நாளும் நிக்கல, அடிக்கடி போகோணும்னு இருக்குது, ரத்தம் வருது, சொரம் வருதுன்னா அது சூடு இல்ல. அதே மாதிரி ஒண்ணுக்கு எரிச்சலோட வெளிய அரிப்பும், தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளப்படறதும் இருந்தா அது பூஞ்சத் தொற்றா இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற. இத ஆருகிட்டச் சொல்றதுன்னு கூச்சப்பட்டு வெறும் எரிச்சல மட்டும் சொல்லிட்டு வந்துராதீங்க, அரிப்பு இருக்குதுன்னு அந்த ஒரு வார்த்தையச் சேத்துச் சொன்னா டாக்டர் எழுதற சீட்டே மாறிரும்.

எங்க அம்மச்சி கதையச் சொல்லாம இத எழுத முடியாது. கோபி பக்கம் ஊரு, 72 வயசு, 15 வருசமாச் சக்கர இருந்துச்சு. ஒரு வைகாசில போன்ல பேசறப்ப, ரண்டு நாளா ஒண்ணுக்குக் கடுக்குது சாமி, சூடாட்ட இருக்குதுன்னு சொன்னாங்க. நான் லேப்ல வேல பாக்கறவ, "தண்ணி நெறையாக் குடிங்கம்மச்சி"ன்னு சொல்லிட்டு போன வெச்சுட்டேன். அவங்க எளநி குடிச்சாங்க, சுண்ணாம்பு தடவுனாங்க. நாலாவது நாள் மாமா வீட்டுல முன்னால ஆருக்கோ எழுதுன மாத்திரை ரண்டு மிச்சம் இருந்துச்சுன்னு அதக் குடுத்துருக்கறாங்க. ஒரு நாள் கம்மியான மாதிரி இருந்துச்சாம். ஆறாவது நாள் வெடியால நல்ல சொரம், ஒடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது, எங்கம்மாவப் பாத்து, செத்துப்போன அவங்க தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்புடறாங்க. வயசானவங்களுக்கு இப்படி ஆகுமுங்க, செல பேருக்கு எரிச்சல் பெருசாத் தெரியாமயே சொரமும் மனக் கொழப்பமும் முன்னால வரும். ஆஸ்பத்திரில சேத்து யூரின் கல்ச்சர் அனுப்புனா ஒண்ணும் வளரல. மருந்து ரண்டு வேள உள்ள போயிருச்சில்ல, அந்த அரகொறக் கிருமி தட்டுல வளரல. ரத்தத்துல எடுத்த கல்ச்சர்லதான் ஈ கோலை வந்துச்சு, அதாவது கிட்னியத் தாண்டி ரத்தத்துலயே கலந்துருச்சு. 9 நாள் ஊசி. பொழச்சு வந்தாங்க, அதுக்கப்பறம் இன்னும் ஆறு வருசம் இருந்தாங்க. அந்த மொத போன் பேச்ச நான் இன்னும் மறக்கல. சக்கர இருக்குதா, ரண்டு நாளா இருக்குதா, அப்ப இன்னிக்கே ஒரு யூரின் குடுங்கன்னு நான் சொல்லியிருக்கோணும்.

அதனால இப்ப ஆரு கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது ஒண்ணுதான், மாத்திரைய வாயில போடறதுக்கு முன்னால சாம்பிளக் குடுத்துருங்க. சாம்பிள் எப்படி எடுக்கறதுன்னு ஆரும் சரியாச் சொல்லித் தர்றதில்ல, டப்பாவக் கைல குடுத்து அங்க பாத்ரூம் இருக்குது போங்கன்னு சொல்றதோட சரி. காலைல எந்திரிச்ச ஒடனே போற ஒண்ணுக்கு நல்லது, ராத்திரி பூராவும் உள்ள நின்ன தண்ணிங்கறதால கிருமி இருந்தாக் காட்டிக் குடுத்துரும். கையக் கழுவிட்டு, அந்த எடத்த வெறும் தண்ணில கழுவி, பொம்பளைங்க இதழ் ரண்டையும் வெரலால வெலக்கிப் புடிச்சுக்கிட்டு, மொதல்ல வர்றதக் கீழ விட்டுரோணும், நடுவுல வர்றத மட்டும் டப்பால புடிக்கோணும், கடைசியும் வேண்டாம். டப்பாவோட உள்பக்கமோ மூடியோட உள்பக்கமோ வெரல் படக்கூடாது. ஆம்பளைங்க முன்தோலப் பின்னால தள்ளிக் கழுவிட்டு இதே மாதிரி. புடிச்சு 2 மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வந்துரோணும், முடியலைன்னா ஃபிரிட்ஜ்ல வெக்கலாம். ஏன்னா வெளிய வெச்சா அந்த டப்பாவுக்குள்ளயே கிருமி பெருகிரும், இல்லாத வியாதிய இருக்குதுன்னு நாங்க எழுதற மாதிரி ஆயிரும். வீட்டுல இருக்கற டானிக் பாட்டில், ஊறுகா பாட்டில் எல்லாம் எவ்வளவு கழுவுனாலும் ஆகாது. ஒருக்கா ஒரு பெரியவரு ஊத்துக்குளில இருந்து பஸ்ல, மஞ்சப்பைக்குள்ள பேப்பர் சுத்தி, மொத நா ராத்திரி புடிச்சத தேன் பாட்டில்ல கொண்டு வந்தாரு. அவ்வளவு தூரம் வந்தவரத் திருப்பி அனுப்ப மனசே வரல, ஆனா அந்தச் சாம்பிளப் போட்டா அவருக்குத்தான் கெடுதல். உக்கார வெச்சு ரண்டு டம்ளர் தண்ணி குடுத்து, புது டப்பாவுல புதுசா வாங்குனம்.

உள்ள என்ன செய்வம்னு தெரிஞ்சா இதெல்லாம் எதுக்குன்னு புரியும். ஒரு மெல்லிசுக் கம்பி, நுனில சின்ன வளையம், அந்த வளையத்துல நிக்கற அளவு ஒரு மில்லில ஆயிரத்துல ஒரு பங்கு. அதத் தொட்டு, நீலமும் பச்சையும் கலந்த கலர்ல ஜெல்லி ஊத்துன தட்டு மேல கோலம் இழுக்கற மாதிரி இழுத்து, 37 டிகிரில ராத்திரி பூரா வெச்சுருவம். காலைல தொறந்தா ஈ கோலை இருக்கற தட்டு மஞ்சளா மாறியிருக்கும், குண்டூசித் தலையாட்டப் புள்ளி புள்ளியா நிக்கும். க்ளெப்சியெல்லான்னு இன்னொண்ணு, அது எண்ண வழியற மாதிரி பெருசாப் பளபளன்னு, கம்பில தொட்டா நூல் நூலா இழுபடும். புள்ளிய எண்ணுவம். 100 புள்ளி இருந்தா ஒரு மில்லில 1 லட்சம்னு கணக்கு, அந்த அளவு இருந்தா இன்பெக்சன்னு பொதுவா எடுத்துக்கறது. எரிச்சலும் கடுப்பும் தெளிவா இருந்தா அதவிடக் கம்மியா இருந்தாலும் டாக்டர் கணக்குல எடுத்துக்குவாரு. மூணு நாலு விதமான புள்ளி கலந்து வந்துச்சுன்னா பெரும்பாலும் சாம்பிள் எடுத்தது சரியில்லன்னு அர்த்தம், மறுபடியும் கேப்பம்.

அப்பறம் அந்தக் கிருமிய எடுத்து வேற தட்டு பூராத் தடவி, மேல மருந்து தொட்ட சின்னச் சின்ன வட்டப் பேப்பர வெப்பம், ஒவ்வொண்ணும் 6 மில்லிமீட்டர் அகலம், பொட்டு மாதிரி இருக்கும். மறுநாள் பாத்தா, வேல செய்யற மருந்தச் சுத்திக் கிருமி வளராம வெளிச்சமா ஒரு வட்டம் விழுந்துருக்கும். வேல செய்யாத மருந்தோட பொட்ட ஒட்டிக் கிருமி மொய்ச்சுக்கிட்டு நிக்கும். ரிப்போர்ட்ல எஸ்னு போட்டா அந்த மருந்து கேக்கும், ஆர்னு போட்டா கேக்காதுன்னு அர்த்தம். மொத நாள் வளர்றதுக்கு, ரண்டாவது நாள் இதுக்கு, அதனாலதான் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ரண்டு மூணு நாள் ஆகுது. சாதாரண யூரின் டெஸ்ட் ஒரு மணி நேரத்துல வந்துரும், அதுல பஸ் செல்ஸ்ங்கற சீழ் அணு எச்சா, கிருமி இருக்கறதக் காட்டற நைட்ரைட் பாசிடிவ்னு இருந்தா சந்தேகம் பலமாகுது. பஸ் செல்ஸ் நெறைய இருந்தும் கல்ச்சர்ல ஒண்ணுமே வளரலைன்னா சும்மா விட்டுரக் கூடாது, மருந்து முன்னாடியே போட்டதாவும் இருக்கலாம், கல்லா இருக்கலாம், அபூர்வமா கிட்னில காசநோயாக்கூட இருக்கலாம், டாக்டர்கிட்டக் காட்டிக் கேக்கோணும்.

முன்னெல்லாம் ஒண்ணுக்கு எரிச்சல்னாலே நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின்தான் எழுதுவாங்க, இன்னைக்கும் மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடறவங்க இருக்கறாங்க. எங்க தட்டுல பாத்தா அந்தப் பொட்டு ரண்டையும் சுத்தி வட்டமே விழாத கிருமிங்கதான் எச்சு, நாடு பூராவும் இதே நெலமதான். மூத்திரப்பையோட நிக்கற இன்பெக்சனுக்கு இப்ப டாக்டருங்க எச்சா எழுதறது நைட்ரோஃப்யூரன்டாயின், வழக்கமா 5 நாள், இல்லைன்னா ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பவுடர், தண்ணில கலக்கி ஒரே தடவ. நைட்ரோஃப்யூரன்டாயின் போட்டா ஒண்ணுக்குக் காப்பிக் கலர்ல போகும், ரத்தம்னு பயந்து நிறுத்திராதீங்க. வெறும் வயித்துல போட்டாக் கொமட்டும், சோத்தோட போடுங்க. ஆனா இந்த ரண்டும் கிட்னிக்கு ஏறுன இன்பெக்சனுக்குப் பத்தாது, கிட்னி வேல கொறஞ்சவங்களுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் ஆகாது, மாசமா இருக்கறவங்களுக்குக் கடைசி நாள்ல ஆகாது. பேரத் தெரிஞ்சுக்கிட்டு நீங்களே வாங்கறதுக்காக இதச் சொல்லல, சீட்டுல எழுதறப்பக் கேட்டுக்கறதுக்காகத்தான். அந்த ரோஸ் கலர் சிரப்பு எரிச்சலத்தான் கொறைக்கும், கிருமியத் தொடாது. அதையும் நைட்ரோஃப்யூரன்டாயினையும் ஒண்ணாப் போடலாமான்னும் டாக்டரக் கேட்டுருங்க, அந்தச் சிரப்பால ஒண்ணுக்கோட புளிப்புத்தன்ம கொறஞ்சா நைட்ரோஃப்யூரன்டாயினோட பலமும் கொறையும்.

போட ஆரமிச்சு ரண்டு நாள்ல எரிச்சல் கொறையோணும். கொறைஞ்சாலும் எழுதுன நாள் வரைக்கும் போடோணும், கொறையலைன்னா கல்ச்சர் ரிப்போர்ட்டத் தூக்கிட்டு மறுபடி போகோணும். மிச்ச மாத்திரைய டப்பால வெச்சுருந்து ஒறம்பரைக்குக் குடுக்கற பழக்கம் நம்மகிட்ட இருக்குது, பாசத்துலதான் குடுக்கறம், எங்க மாமாவும் பாசத்துலதான் குடுத்தாரு. அளவு பத்தாம மருந்து போட்டாக் கிருமி அதுக்குப் பழகிரும்னு பென்சிலினக் கண்டுபுடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ல நோபல் பரிசு வாங்குனப்பவே சொன்னாரு. இப்ப எங்க லேப்ல செல சாம்பிள்ல வாயில போடற மருந்து ஒண்ணுக்கூடக் கேக்காம, ஊசி மருந்துல மட்டும் ரண்டு மூணு எஸ் விழுது. அந்த மாதிரி ரிப்போர்ட்ட டைப் பண்றப்பக் கை நிக்குமுங்க, ஏன்னா அவங்க தெனமும் ட்ரிப் ஏத்தறதுக்கு வேலைய விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு அலையோணும்னு எனக்குத் தெரியும்.

கிருமி இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாம செல பேரு இருப்பாங்க, முக்கியமா வயசானவங்க, சக்கர இருக்கறவங்க, ஒண்ணுக்குப் போக டியூப் போட்டிருக்கறவங்க. வேற எதுக்கோ டெஸ்ட் எடுத்ததுல கல்ச்சர் பாசிடிவ்னு வரும். தொந்தரவு இல்லைன்னா அதுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்ல, ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது, ஆளுக்குத்தான் பாக்கோணும். இதுல மாசமா இருக்கறவங்க தனி. அவங்களுக்கு எரிச்சலே இல்லாம கிருமி இருந்தாலும் மருந்து போட்டே ஆகோணும், விட்டாக் கிட்னிக்கு ஏறறதுக்கு வாய்ப்பு எச்சு, கொழந்த கொறமாசத்துல பொறக்கறதுக்கும் அது ஒரு காரணமாயிரும். மொத மூணு மாசச் செக்கப்புக்குப் போறப்ப யூரின் கல்ச்சர் பாத்தாச்சுங்களான்னு நீங்களே வாய் விட்டுக் கேளுங்க.

ஆம்பளைங்களுக்கு வந்துச்சுன்னா ஏன் வந்துச்சுன்னு தேடிப் பாக்கோணும், 50 வயசுக்கு மேல பெரும்பாலும் மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற ப்ராஸ்டேட்ங்கற சுரப்பி வீங்கி ஒண்ணுக்கு முழுசாப் போகாம உள்ள தேங்கறதுதான் காரணமா இருக்கும், இல்லைன்னா கல்லு. கைக்கொழந்தைக்கு சளி இல்ல, இருமல் இல்ல, சொரம் மட்டும் அடிக்குதுன்னா யூரின் பாக்கச் சொல்லுங்க, அதுக்கு எரியுதுன்னு சொல்லத் தெரியாதில்ல. மாதவிலக்கு நின்ன அம்மாக்களுக்கு அந்த எடம் வறண்டு, நல்ல கிருமி கொறஞ்சு, இது திரும்பத் திரும்ப வரும். அதுக்குன்னு உள்ள தடவற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் கிரீம் இருக்குது, மகப்பேறு டாக்டரக் கேட்டா எழுதித் தருவாங்க, வருசக்கணக்கா ஆன்டிபயாட்டிக் தின்னுட்டு இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். 6 மாசத்துல 2 தடவ, இல்ல வருசத்துல 3 தடவ வந்துச்சுன்னா ஸ்கேன் பாத்துக் காரணத்தத் தேடற அளவுக்குப் போகோணும். சக்கர இருக்கறவங்க சக்கரையக் கட்டுல வெக்காம இத மட்டும் வைத்தியம் பாத்தா நிக்காது.

வராமப் பாத்துக்கறதுல தண்ணிக்குத்தான் மொத எடம். 2018ல வந்த ஒரு ஆராய்ச்சில, அடிக்கடி இது வர்ற, தண்ணி கம்மியாக் குடிக்கற 140 பொம்பளைங்களப் பாதிப் பாதியாப் பிரிச்சு, ஒரு பாதிய மட்டும் தெனமும் வழக்கத்தவிட ஒன்றர லிட்டர் எச்சாக் குடிக்க வெச்சாங்க. ஒரு வருசத்துல குடிச்சவங்களுக்குச் சராசரியா 1.7 தடவ வந்துச்சு, குடிக்காதவங்களுக்கு 3.2 தடவ. ஏறக்குறையப் பாதி. ஒண்ணுக்கு வெளுத்த வைக்கோல் கலர்ல போகற அளவுக்குக் குடிச்சாப் போதும். கிட்னி, இருதயக் கோளாறு இருக்கறவங்க மட்டும் டாக்டர் சொன்ன அளவத் தாண்டக் கூடாது, கிட்னி கெட்டவங்களுக்கு எளநியும் ஆகாது, அதுல பொட்டாசியம் எச்சு. சுண்ணாம்பு கிருமியக் கொல்லாது, சக்கர இருந்து கால் மரத்துப் போனவங்க அதத் தடவவே வேண்டாம், வெந்து புண்ணானாலும் தெரியாது. மூணு மணி நேரத்துக்கு ஒருக்காவாச்சும் ஒண்ணுக்குப் போங்க, கழுவறப்ப முன்னால இருந்து பின்னால, புருசன் பொண்டாட்டி சேந்ததுக்கப்பறம் பொம்பளைங்க ஒருக்கா எந்திரிச்சுப் போயிட்டு வந்து படுங்க. உள்ள சோப்பு, டெட்டால் எல்லாம் போட்டுக் கழுவாதீங்க, காக்கற நல்ல கிருமியும் சேந்து போயிரும்.

கல்ச்சர் குடுக்கறதுன்னா வார நாள்ல காலைல ஒம்பது மணிக்குள்ள குடுத்துருங்க, பெரும்பாலான லேப்ல முற்பகல்லயே தட்டுல இழுத்துருவாங்க. சனிக்கெழம பொழுதோட குடுத்தா ஞாயித்துக்கெழம பாக்க ஆளிருக்குதான்னு கேட்டுட்டுக் குடுங்க. கம்பெனில இஎஸ்ஐன்னு தொழிலாளர் காப்பீட்டுக்குப் புடிக்கறாங்கன்னா உங்க கார்டுக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரிலயே டாக்டரும் டெஸ்ட்டும் மருந்தும் காசில்லாம ஆகும், கார்டு இல்லாதவங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எங்க போறதுன்னு தெரியலைன்னா அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போட்டுக் கேளுங்க. குளிர் சொரமும் வாந்தியும், இல்ல பெரியவங்க பேச்சு கொழம்பற மாதிரியும் இருந்துச்சுன்னா லேப்புக்கு வர வேண்டாம், நேரா 108.